காயம் ஆற அனுமதி

கண்ணாடிக்காரர் காலையில் எழுந்ததும் முகம் கழுவுவார். பால்கனிக்குப் போய், முழ உயரமுள்ள தம் அத்தி மரத்தின் தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைப்பார். அதன் பிறகுதான் தேநீரைத் தொடுவார். காய்ச்சலில் கிடந்த நாளிலும், மனைவியோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த நாளிலும் இந்த வரிசை மாறியதில்லை. எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெயில் பட வேண்டும் என்பது அவர் கொள்கை. பத்தொன்பது ஆண்டுகள் இப்படிச் சுற்றிய மரத்தைப் பார்த்து, "இது சுத்தின சுத்துக்கு நேரா நடந்திருந்தா இந்நேரம் கடலைப் பாத்துட்டு வந்திருக்கும்" என்பார் மனைவி. பொது மருத்துவமனையில் நாள் முழுவதும் புண்களுக்குக் கட்டுப் போடும் செவிலி அவர். பேச்சும் அந்த வேலைக்கு ஏற்றதுதான்: முதலில் எரியும், பிறகு ஆறும்.

போன்சாய் என்று உலகம் அழைக்கும் குறுமரங்களில் முதல் கிளை என்பது வீட்டுக்குத் தலைவாசல் போல. கண்ணாடிக்காரரின் அத்தியில் அது மண்ணிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இடப்பக்கமாகப் புறப்பட்டு, யாரையோ வரவேற்பதுபோல் தாழ்ந்து நீண்டிருக்கும். ஈர்க்குச்சியாக இருந்ததைக் கம்பி சுற்றிப் படியவைத்து, அவிழ்த்து, மறுபடி சுற்றி, பதினொரு ஆண்டு பொறுமையில் விளைந்த கிளை அது. கடைக்கு வருகிறவர்களின் மூக்கில் கண்ணாடியைப் பொருத்தி, "எப்படி இருக்கு?" என்று நாளுக்கு நாற்பது முறை கேட்கும் மனிதர், யாரையும் கேட்காமல் தாமே நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்த ஒரே பொருள் அந்தக் கிளைதான்.

இது நரியும் காகமும் பேசிக்கொண்ட காலத்துக் கதையன்று. மனிதர்கள் மட்டுமே, அதுவும் குழுவாகக் கூடிப் பேசத் தொடங்கிவிட்ட காலத்துக் கதை. அந்த நகரத்தின் நகராட்சி, பெரிய மரங்களை வெட்டும் பொறுப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஒரு முழத்துக்கு உட்பட்ட மரங்களைப் பாதுகாக்கும் பொறுப்பைக் குறுமரப் பேரவையிடம் ஒப்படைத்திருந்தது. பேரவையின் சான்று இல்லாத குறுமரம் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. ஒழுங்கு மீறிய மரங்கள் பேரவைக் கட்டடத்தின் நிலவறையில் பாதுகாப்பில் வைக்கப்படும். அங்கே போன மரங்கள் அனைத்தும் இன்றுவரை மிகவும் பாதுகாப்பாக இருக்கின்றன. ஒன்றிலும் இலை கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் கிளைக்குச் சற்று மேலே அடிமரத்தில் குறுக்காக முளைத்திருந்த ஒரு கொம்பைக் கண்ணாடிக்காரர் வெட்டினார். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் கசிந்தது. அந்தக் காயத்தின் மேல் பசை பூசி மூடுவதா, அப்படியே காற்றாட விடுவதா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அக்கம்பக்கத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். அவர் ஓர் அஞ்சலட்டை எடுத்து, அழகான கையெழுத்தில், பேரவைக்கு ஒரே வரியில் எழுதிப் போட்டுவிட்டார்: 'கிளை வெட்டிய காயத்தைப் பசையிட்டு மூட வேண்டுமா, வேண்டாமா?'

"எழுதியா கேட்டீங்க?" என்றார் செவிலியம்மா. "ஏங்க, வாயால கேட்டா மறந்துருவாங்க. எழுதிக் கேட்டா பதில் சொல்லுவாங்களேங்க!"

அவர் பயந்தது நியாயமே. பேரவை தோன்றிய நாற்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வியை யாரும் எழுத்தில் கேட்டதில்லை. காரணம், பேரவைக்குள் மூடும் அணி, மூடா அணி என்று இரண்டு அணிகள் இருந்தன. தொடக்க காலத்தில் இரு அணியினரும் ஒருவர் தொட்டியை ஒருவர் உடைக்கும் அளவுக்குப் போய், பிறகு, காயம் என்ற சொல்லையே கூட்டங்களில் உச்சரிப்பதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டு அமைதியாக வாழ்ந்து வந்தார்கள். வெட்டும் பழக்கத்தை யாரும் விட்டுவிடவில்லை. பேசுவதைத்தான் விட்டிருந்தார்கள். அஞ்சலட்டை போய்ச் சேர்ந்த அன்றே பேரவையில் மூன்று நாற்காலிகள் உடைந்தன என்று தெரிகிறது.

நான்காம் நாள் கண்ணாடிக்காரருக்கு இடைக்கால உத்தரவு வந்தது. 'தங்கள் வினா பரிசீலனையில் உள்ளது. இறுதி முடிவு எட்டப்படும் வரை, மேற்படி காயம் தற்போது எந்த நிலையில் உள்ளதோ அந்த நிலையிலேயே இருந்துவரக் கடவது. வாரந்தோறும் காய ஆய்வாளர் நேரில் வந்து அளந்து உறுதி செய்வார்.'

திங்கட்கிழமை காலை காய ஆய்வாளர் வந்தார். ஒடிசலான, சுத்தமான மனிதர். தோல்பையிலிருந்து எஃகு அளவுகோல், சிறு கத்தி, அளவுப் புத்தகம் மூன்றையும் எடுத்துப் பால்கனிக் கட்டையில் வரிசையாக வைத்தார்.

"காயம் எங்க இருக்கு?"

"இதோ சார், இதுதான்."

"இதுதான் காயம்னு யார் சொன்னா?"

"நான்தானே சார் வெட்டினேன்!"

"அதனாலதான் கேக்கறேன். வெட்டினவரே காயம்னு சொன்னா அது செல்லாது." குனிந்து அளந்தார். "ஏழு மில்லிமீட்டர். எழுதிக்கறேன். இனிமே இது ஏழாத்தான் இருக்கணும்."

மரத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மறு திங்கட்கிழமை அளந்தபோது காயத்தின் விளிம்பில் புதுப்பட்டை மெல்லிய உதடுபோல் உருண்டு வந்திருந்தது.

"ஆறரை," என்றார் ஆய்வாளர். குரலில் கவலை தெரிந்தது. "அரை மில்லிமீட்டர் எங்க போச்சு?"

"எங்கயும் போகல சார். ஆறிக்கிட்டு வருது."

"ஆறறதுக்கு உத்தரவு வந்துதா?"

துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த செவிலியம்மா திரும்பினார். "உத்தரவை அதுக்குப் படிச்சுக் காட்டியிருக்கணும் சார். எங்க மேலதான் தப்பு. நான்கூடத் தினமும் நாப்பது புண்ணு பாக்கறேன், ஒண்ணாவது அனுமதி வாங்கிட்டு ஆறுச்சான்னு இதுவரைக்கும் விசாரிக்காமலே இருந்துட்டேன்."

"அம்மா, நீங்க கிண்டல் பண்றது எனக்குப் புரியுது. ஆனா உத்தரவுன்னா உத்தரவு." ஆய்வாளர் கத்தியை எடுத்து, புதுப்பட்டையைச் சுற்றிலும் அக்கறையோடு சுரண்டி, காயத்தை மறுபடி ஏழு மில்லிமீட்டர் ஆக்கினார். பிறகு அளவுப் புத்தகத்தில் 'மாற்றமில்லை' என்று எழுதினார்.

அவர் படியிறங்கியதும் கண்ணாடிக்காரர் மரத்தின் அருகிலேயே உட்கார்ந்துவிட்டார். "இப்படியே வாராவாரம் சுரண்டினா காயம் கீழ இறங்கும். கிளையோட அடிக்கும் காயத்துக்கும் நடுவுல ஒரு விரல்கூட இல்லம்மா. கிளை போயிடும்."

"அப்போ வேணாம்னு சொல்லுங்க."

"சொன்னா நிலவறைக்குக் கொண்டுபோயிடுவாங்க. மரமே போயிடும்."

கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்வது என்று அவர் முடிவு செய்தார். கடையை அரை நாள் மூடிவிட்டு, பேரவையின் மூன்றாம் மாடிக்குப் படியேறினார். அங்கே பெயர்ப்பலகைகள் மரங்களைவிட உயரமாக இருந்தன. செயலாளர் அவருடைய விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க கேட்ட கேள்விய நீங்களே திரும்ப எடுத்துக்க முடியாதுங்க. அதுக்கு நாங்க எண் போட்டாச்சு. இப்ப அது பேரவையோட கேள்வி."

"அப்போ பதிலாவது சீக்கிரமா..."

"சீக்கிரமா வர்ற பதில் எல்லாம் நல்ல பதிலா இருக்கறதில்லீங்க. எங்ககிட்ட அந்தக் குறையை நீங்க பாக்கவே முடியாது."

விசாரணை அமர்வுகள் தொடங்கின. தலைவர் நடுவில் அமர்ந்தார். நடுநிலை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக அவர் வாழ்நாளில் ஒரு செடிகூட வளர்த்தவரல்லர். முதல் அமர்வில் எழுந்து அவர் ஆற்றிய உரை இப்படி இருந்தது:

"அன்பர்களே! காயம் இன்று வரும், நாளை போகும். குழு ஒன்றே நிலைத்து நிற்பது. இந்த எளிய மனிதர் நம்மிடம் ஒரு வினாவை நம்பி ஒப்படைத்திருக்கிறார். அதை நாம் அவசரப்பட்டுத் தீர்த்துவிட்டால், நாளை நம்மிடம் என்ன மிஞ்சும்? ஒரு மரம் மிஞ்சும். மரத்தை வைத்துக்கொண்டு ஒரு பேரவை என்ன செய்ய முடியும்?"

கைதட்டல் அடங்கியதும் மூடும் அணியின் தலைவர் பேசினார்: "திறந்த காயம் என்பது திறந்த கதவு. பூச்சி வரும், பூஞ்சை வரும், போகப்போக வெளியார் கருத்துகளும் உள்ளே வரும். நாங்கள் முப்பது ஆண்டுகளாக எல்லாவற்றையும் மூடியே வைத்திருக்கிறோம். உள்ளே என்ன ஆனது என்று இதுவரை ஒருவரும் பார்த்துக் குறை சொன்னதில்லை."

மூடா அணியின் தலைவர் எழுந்தார்: "மரத்துக்கு எல்லாம் தெரியும். அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அப்படியானால் பேரவை எதற்கு என்று கேட்பீர்கள். மரத்துக்கு எல்லாம் தெரியும் என்பதை எடுத்துச் சொல்ல, எங்களைப் போல் நான்கு பேர் தேவைப்படுகிறதே! மரத்துக்கு அது மட்டும் தெரியாது."

கடைசிப் பலகையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் பள்ளிப் பிள்ளைபோல் கை தூக்கினார். "ஐயா, வெட்டினதும் ஒரு பால் வடிஞ்சுது. ஒரு மணி நேரத்துல காஞ்சு, மெல்லிசாத் தோல் மாதிரி மூடிக்கிச்சு. அதையும் கணக்குல எடுத்துக்கணும்..."

அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அடுத்த நான்கு அமர்வுகள் அந்தப் பாலிலேயே கழிந்தன. மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொண்டதால் அது மூடும் அணியைச் சேர்ந்தது என்று ஓர் அணி உரிமை கொண்டாடியது. மனிதன் பசை பூசாதபோதே மூடிக்கொண்டதால் அது மூடா அணியின் மூத்த உறுப்பினர் என்றது மற்றது. அனுமதியின்றிப் பால் சுரந்ததற்காக மரத்திடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. முகவரியில் 'அத்தி, பால்கனி' என்று இருந்தது. பதினைந்து நாளுக்குள் பதில் வராததால், மரம் குற்றத்தை மறுக்கவில்லை என்று பதிவு செய்யப்பட்டது.

இதற்கிடையில் திங்கட்கிழமைகள் தவறாமல் வந்துகொண்டிருந்தன. ஏழு என்று எழுதப்பட்ட காயம் உண்மையில் ஒன்பதைத் தாண்டிவிட்டதைக் கண்ணாடிக்காரர் கவனித்தார். தொழில் கண் அவருடையது. ஆய்வாளர் அளவுகோலை மூக்கின் நுனிவரை கொண்டுபோய், பிறகு தள்ளிப் பிடித்து, பிறகு ஊகித்து எழுதுவதைக் கண்டுகொண்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குக் கிட்டத்துல பார்வை குறைஞ்சிருக்கு. கடைக்கு ஒரு நடை வாங்க. நானே போட்டுத் தரேன்."

நல்ல கண்ணாடி போட்டால் மரம் படும் பாடு மனிதருக்குத் தெரியும், தெரிந்தால் மனம் இளகும் என்பது அவர் எண்ணம். இரண்டு நாள் உட்கார்ந்து, அந்த ஆண்டில் தாம் செய்தவற்றிலேயே சிறந்த கண்ணாடியைச் செய்து மாட்டிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை ஆய்வாளர் காயத்தின்மேல் குனிந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! எவ்வளவு தெளிவா இருக்கு! இங்க பாருங்க, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை புதுப்பட்டை. இங்க ஒண்ணு. இத்தனை நாளா இதையெல்லாம் பாக்காமலே விட்டிருக்கேனே!" என்று சொல்லி, முன்பு விட்டுவைத்த இடங்களையும் சேர்த்துச் சுரண்டிவிட்டுப் போனார்.

"இன்னும் ரெண்டு பேருக்குக் கண்ணாடி போட்டு விடுங்க," என்றார் செவிலியம்மா. "மரத்தை வேரோட முடிச்சுரலாம்." அப்படிச் சொன்னாரே தவிர, அன்று மாலை அவர்தான் பால்கனியில் குந்தி, காயத்தைச் சுற்றி இருந்த தூளை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். வார்டில் கைக்குழந்தைகளின் தீப்புண்ணை அப்படித்தான் துடைப்பார். "வலிக்கும்னு சொல்லக்கூட வாயில்லாத சனியன்," என்று முணுமுணுத்தார். கண்ணாடிக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பதினான்காம் வாரத்தில் முதல் கிளையின் நுனி இலைகள் வெளுத்தன. கண்ணாடிக்காரர் பேரவைக்கு ஓடினார். நிலைமையின் அவசரத்தை உணர்ந்த பேரவை, அன்றைய தினமே 'அவசரம் என்றால் என்ன' என்பதை வரையறுக்க ஒரு துணைக்குழுவை அமைத்தது. பதினாறாம் வாரத்தில், வரலாற்றுச் சிறப்புமிக்க சமரசத் தீர்மானம் இரு அணியினரின் ஆரவாரத்துக்கிடையே நிறைவேறியது: காயத்தின் மேல்பாதி மூடா அணியின் கொள்கைப்படி திறந்திருக்கும், கீழ்ப்பாதி மூடும் அணியின் கொள்கைப்படி பசையிட்டு மூடப்படும்.

தீர்மானத்தை நிறைவேற்ற இரு தலைவர்களும் ஆய்வாளரோடு நேரில் வந்தார்கள். காயத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, கீழ்ப்பாதியில் பசை பூசப்பட்டது. அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது. திறந்த மேல்பாதியின் வழியே இறங்கிய நீர், மூடிய கீழ்ப்பாதியின் பசைக்குப் பின்னே போய்த் தேங்கியது. ஆய்வாளர் அதைப் பார்த்தார். புதுக்கண்ணாடி வழியாக மிக நன்றாகவே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு மூடிக்கொண்டார்.

பத்தே நாளில் முதல் கிளையின் அடி மென்மையாகி, விரல் பட்டதும் கழன்று கண்ணாடிக்காரரின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அவர் அதை ஈரத் துணியில் சுற்றி வைத்தார். கடைக்குப் போகவில்லை.

பேரவை சிறப்புக் கூட்டம் கூட்டியது. கிளையின் மறைவுக்கு ஒரு நிமிடம் மௌனம் காப்பதென்று முடிவாகி, நின்று காப்பதா உட்கார்ந்து காப்பதா என்பதில் இரு அணிகளும் ஒன்றரை மணி நேரம் மோதிக்கொண்டன. பிறகு தலைவர் பேசினார்: "நமக்கு இது பெருமைக்குரிய நாள். கிளை போயிருக்கலாம். ஆனால் காயம்? பதினாறு வாரங்கள், ஒரு மயிரிழையும் ஆறாமல் அதைக் காத்திருக்கிறோம்! ஆய்வாளரின் புத்தகமே சாட்சி." ஆய்வாளரை எழுப்பிப் படிக்கச் சொன்னார்கள். "மாற்றமில்லை. மாற்றமில்லை. மாற்றமில்லை," என்று பதினாறு முறை படித்தார். கடைசி நான்கைந்து முறை குரல் வெளியே வரவில்லை. கைதட்டலில் அது யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்காரருக்குச் சட்டமிட்ட பாராட்டுப் பத்திரம் வழங்கப்பட்டது. அவருக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது. செவிலியம்மா திறந்தார். ஆய்வாளர் நின்றிருந்தார். கையில் தோல்பை இல்லை.

"இன்னிக்குத் திங்கக்கிழமை இல்லையே சார். சுரண்ட இன்னும் என்ன இருக்கு? வேணும்னா நாற்காலி மேல கொஞ்சம் வார்னிஷ் இருக்கு."

"சொல்லுங்கம்மா. எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க." அவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "நான்தான் கொன்னேன். முதல் வாரமே எனக்குத் தெரியும், விட்டா அது தானா மூடிக்கும்னு. எங்கிட்ட முப்பது மரம் இருந்தது ஒரு காலத்துல. தெரிஞ்சே சுரண்டினேன். அளவு சரியா இருக்கணும்னு மட்டும் பாத்தேன்."

கண்ணாடிக்காரர் பின்னால் வந்து நின்றார்.

"மன்னிப்புக் கேட்டு நல்ல பேர் வாங்க வரல சார். நேத்து அளவுப் புத்தகத்துல ஒவ்வொரு 'மாற்றமில்லை'யையும் அடிச்சுட்டு, 'ஆறியது, நான் சுரண்டினேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். அடிச்சது ஒழுங்கா அடிச்சிருக்கான்னு விசாரிக்க ஒரு குழு போட்டிருக்காங்க. அதுவரைக்கும் என்னை வேலைக்கு வரவேணாம்னுட்டாங்க. எனக்குக் காலை நேரமெல்லாம் சும்மாதான் இருக்கு. அந்தக் கிளையத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி இருக்கு. நீங்க விட்டா, நான் செய்யறேன்."

கண்ணாடிக்காரர் வழிவிட்டு நின்றார்.

உச்சியிலிருந்து நீண்டிருந்த ஓர் இளங்கொம்பை ஆய்வாளர் ஒடியாமல் வளைத்துக் கீழே கொண்டுவந்தார். அழுகிய பகுதியைச் சுத்தமாக எடுத்துவிட்டு, அதன் ஓரத்தில் நல்ல பட்டையில் ஒரு பள்ளம் கீறினார்; கொம்பின் வயிற்றையும் அதே அளவுக்குச் சீவினார். பச்சையோடு பச்சை பொருந்த வைத்து, கட்டுத் துணி கேட்டார். செவிலியம்மா தம் பையிலிருந்து ஒரு சுருள் எடுத்து வந்து தாமே கட்டினார். கொம்பு தாயிடமிருந்து உணவு வாங்கிக்கொண்டே புது இடத்திலும் ஒட்டும். முழுவதும் ஒட்டிய பிறகு, உச்சியோடு அதற்கு இருக்கும் தொடர்பை மேலே வெட்டிவிட்டால் அதுவே புதிய முதல் கிளை. அதுவரை கொம்பு அசையக் கூடாது. மண் காயக் கூடாது.

நான்கு மாதங்கள் ஆய்வாளர் நாள் தவறாமல் வந்தார். தண்ணீர் ஊற்றுவார், கட்டு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார், அளவுகோலைத் தொடமாட்டார். முதல் மாதம் வீட்டில் அவரிடம் யாரும் பேசவில்லை. இரண்டாம் மாதம் செவிலியம்மா, "அந்தப் பக்கம் ஈரம் பத்தல," என்றார். மூன்றாம் மாதம் அவரை வாய்விட்டுத் திட்டத் தொடங்கினார். அது நல்ல அறிகுறி என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும்.

ஒட்டிய இடம் வீங்கி, புதுக்கொம்பில் மூன்று தளிர்கள் விட்ட அன்று, மேலே வெட்டிவிடும் நேரம் வந்தது. ஆய்வாளர் கத்தியைத் துடைத்து, கைப்பிடிப் பக்கமாகக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினார்.

"நீங்க வெட்டுங்க சார். இந்த மரத்துமேல என் கத்தி பட்டது போதும்."

கண்ணாடிக்காரர் கத்தியை வாங்கினார். இளங்கொம்பையும், அதைப் பிடித்திருந்த கட்டுத் துணியையும், கண்ணாடிக்குப் பின்னால் கலங்கியிருந்த ஆய்வாளரின் கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கத்தியை அவர் கையிலேயே திரும்ப வைத்தார்.

"நாலு மாசம் காப்பாத்தினது நீங்க. நீங்களே வெட்டுங்க."

"வெட்டப் பயமா இருக்கு சார்."

"அப்போ கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வெட்டுங்க," என்றார் செவிலியம்மா, ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டபடி. "இங்க எந்தக் குழுவும் காத்துக்கிட்டு இல்ல."

ஆய்வாளர் உட்கார்ந்தார். வெட்ட வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவர் எழுந்து, ஒரே வெட்டில், கிளையை அதன் புதிய இடத்துக்குக் கொடுத்தார்.